ரத்தத்தில் மூத்தவர்

புதுச்சேரி முத்தியால்பேட்டை மணிக்கூண்டுக்குக் கிழக்கே ஒரு தெரு. பெயரைச் சொன்னால் அங்கிருப்பவர்கள் சண்டைக்கு வருவார்கள் என்பதால் சொல்லாமல் விடுகிறேன். தெருக்கோடியில் ஒரு சின்ன அம்மன் கோயில் இருக்கிறது. ஆடி மாதம் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அங்கே கூழ் ஊற்றுவார்கள். முதல் சொம்புக் கூழ், தெருவிலேயே வயதில் மூத்தவருக்கு. அவர் தலையில் பரிவட்டம் கட்டி, மாலை போட்டு, கோயில் முன்னால் நாற்காலியில் உட்கார வைப்பார்கள். தெரு முழுக்க வரிசையில் வந்து அவர் காலில் விழும். மற்றவர்களுக்குக் கூழ் அதற்குப் பிறகுதான்.

பதினான்கு வருஷமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் போன பங்குனியில் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். காரியம் முடிந்த மறுநாளே, அடுத்த மூத்தவர் யார் என்ற கேள்வி எழுந்துவிட்டது.

போட்டியில் இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் பஞ்சநாதன், மில்லில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னொருவர் சாமிக்கண்ணு, லேத் பட்டறை வைத்திருந்து இப்போது மகன்களிடம் விட்டுவிட்டவர். இருவரும் எதிரெதிர் வீடு. விடிகாலையில் ஒன்றாகவே பீச் ரோட்டுக்கு நடந்து போய், காந்தி சிலை வரை பேசாமல் போய், அங்கே ஒரு டீ குடித்துவிட்டு, திரும்பி வரும்போது சண்டை போட்டுக்கொண்டு வருவார்கள். முப்பது வருஷத்துப் பழக்கம்.

இருவருடைய ஆதார் அட்டையிலும் பிறந்த தேதி ஒன்று ஒன்று ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தைந்து. எழுத வந்த பையனுக்கு அன்றைக்கு அவசரம்.

பஞ்சநாதன் அசரவில்லை. அவர் பிரெஞ்சுக்காரன் காலத்துப் புதுச்சேரியில் பிறந்தவர். பிறப்புப் பதிவேட்டிலிருந்து பிரெஞ்சில் எழுதிய ஒரு நகலைக் கொண்டுவந்து கமிட்டி முன்னால் விரித்தார். அதன்படி பஞ்சநாதன் பிறந்தது நாற்பத்தொன்றில்.

சாமிக்கண்ணு கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, "இது உங்க அண்ணன்யா. அது ஒரு வயசுல செத்துப்போச்சு. அதும் பேரையே உனக்கு வெச்சாங்க. உங்க அம்மாவே எங்க வீட்ல சொல்லியிருக்கு" என்றார்.

"எங்க அம்மா உங்க வீட்டுக்கு எதுக்கு வந்துது?"

"முறம் கேக்க."

சாமிக்கண்ணு பிறந்த ஊர் ரோட்டுக்கு அந்தப் பக்கம், அப்போது இங்கிலீஷ்காரன் எல்லை. அவரிடம் காகிதம் எதுவும் இல்லை. ஆனால் சுதந்திரம் கிடைத்த அன்று பள்ளிக்கூடத்தில் மிட்டாய் வாங்கித் தின்றது நன்றாக நினைவிருக்கிறது என்றார்.

"எந்தச் சுதந்திரம்?" என்று பஞ்சநாதன் கேட்டார். "அங்க நாப்பத்தேழுல குடுத்தாங்க. இங்க அம்பத்தி நாலுல, நவம்பர் ஒண்ணாந்தேதி குடுத்தாங்க. நீ ஊர் மாறி வந்து எந்த மிட்டாயத் தின்னியோ?"

சாமிக்கண்ணு யோசித்தார். அந்த ஒரு நிமிஷ யோசனைதான் அவர் வழக்கைக் கெடுத்தது.

கமிட்டித் தலைவர் புருஷோத்தமன், கல்வித் துறையில் சூப்பிரண்டாக இருந்தவர். எதையும் தானாக முடிவு செய்யக்கூடாது என்பதை முப்பத்தாறு வருஷ சர்வீசில் கற்றுக்கொண்டவர். இரண்டு மாதம் கோப்பைத் தள்ளி வைத்தார். வைகாசியில் அம்மனே வழி விட்டதுபோல் டாக்டர் தேவிப்பிரியா தெருவுக்குள் வந்தார்.

தேவிப்பிரியா ஒரு மருத்துவக் கல்லூரியின் ஆராய்ச்சிக்காக வந்திருந்தார். அறுபது வயது தாண்டியவர்களின் ரத்தத்தை எடுத்து, அதில் உள்ள புரதங்களை அளந்து, உடம்புக்கு உண்மையில் என்ன வயது, அது எவ்வளவு வேகமாக மூப்படைகிறது என்று கணக்கிடுவதுதான் வேலை. இருநூறு பேர் வேண்டும். நூற்று ஐம்பத்திரண்டு பேர்தான் கிடைத்திருந்தார்கள். ஊசி என்றதும் கதவைச் சாத்திய தெருக்கள்தான் அதிகம்.

"அப்போ ரத்தத்தப் பாத்தே வயசு சொல்லிடுவீங்களா?" என்று புருஷோத்தமன் நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

"உடம்போட வயசு சார். பொறந்த தேதி இல்ல. நம்ம ரத்தத்துல ஆயிரக்கணக்குல புரதம் ஓடுது. வயசாக ஆக சிலது ஏறும், சிலது எறங்கும். ஒரே நாள்ல பொறந்த ரெண்டு பேருக்குப் பத்து வருஷம் வித்தியாசம்கூட வரலாம்."

"மெஷின் சொல்லுமா, ஆள் சொல்லுவாங்களா?"

"மெஷின்தான் சார்."

"அது போதும்" என்றார் புருஷோத்தமன்.

மூத்தவர் நாற்காலிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது என்று தேவிப்பிரியா நான்கு முறை சொன்னார். ஐந்தாவது முறை சொல்ல வாயெடுத்தபோது, தெருவில் அறுபது தாண்டியவர்கள் நாற்பத்தொரு பேர் என்றும், அத்தனை பேரும் கை நீட்டுவதற்குக் கமிட்டி பொறுப்பு என்றும் புருஷோத்தமன் சொன்னார். தேவிப்பிரியா வாயை மூடிக்கொண்டார். பிறகு, "பொம்பளைங்களும் குடுக்கணும் சார். பாதிக்குப் பாதி வேணும்" என்று மட்டும் சொன்னார்.

"தாராளமா."

அன்று சாயங்காலம் கற்பூரம் ஏற்றி அதன் முன்னால் ஒப்பந்தம் எழுதினார்கள். யாருக்கும் சார்பாகத் தெரியக் கூடாது என்று புருஷோத்தமன் பொதுவாகவே எழுதினார்: 'இத்தெருவில் வசிக்கும் அறுபது வயது கடந்தவர்களில் எவருக்கு ரத்த வயது அதிகமோ அவரே மூத்தவர்.' பஞ்சநாதனும் சாமிக்கண்ணுவும் அம்மன் மேல் சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டார்கள்.

ரத்தம் எடுக்க மூன்று வாரம் இருந்தது. ஊரெல்லாம் இளமைக்கு மருந்து தேடிக்கொண்டிருக்க, இந்த இருவரும் முதுமையைத் தேடிப் புறப்பட்டார்கள்.

சாமிக்கண்ணுவுக்குப் புரதம் என்ற சொல் மட்டும் பிடிபட்டிருந்தது. புரதம் கூடினால் வயது கூடும் என்று முடிவு செய்து, தினமும் ஆறு அவித்த முட்டையும் ஒரு கிண்ணம் சுண்டலும் தின்றார். தேங்காய்த்திட்டுத் துறைமுகத்திலிருந்து மகன் வாங்கி வந்த மீனையும் விடவில்லை. மூன்றாவது வாரம் மாடிப்படியை நிற்காமல் ஏற முடிந்தது அவருக்கே கொஞ்சம் கவலையாக இருந்தது.

பஞ்சநாதன் படித்தவர். உடம்பைக் கெடுத்தால்தான் வயது ஏறும் என்பதைப் புரிந்துகொண்டார். நடப்பதை நிறுத்தினார். காலையில் மெதுவடை, பதினொரு மணிக்குச் சர்க்கரை கூட்டிய காப்பி, மத்தியானம் வறுவல், சாயங்காலம் பஜ்ஜி என்று ஒரு அட்டவணை போட்டார். அட்டவணை போட்டது அவர். உளுந்து அரைத்ததும் வாணலி முன்னால் நின்றதும் அவர் மனைவி தில்லையம்மாள்.

தில்லையம்மாளுக்கு வயது அறுபத்தேழு. கல்யாணமாகி நாற்பத்தாறு வருஷம். காலை நான்கு மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும்; அப்போது எழுந்தால் படுக்கப் பதினொன்று ஆகும். மாமியார் பதினொரு வருஷம் படுத்த படுக்கையாக இருந்து இறந்தார். பிறகு மகளின் இரண்டு பிரசவம். ரத்தக்கொதிப்பு மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போடுவார். முழுசாகப் போட்டால் தூக்கம் வருகிறதாம். தூங்கினால் வேலை யார் செய்வது? அந்த மூன்று வாரம் கணவர் மூப்படைவதற்கான வேலைகளும் சேர்ந்துகொண்டன.

ரத்தம் எடுக்கும் நாள் வந்தது. கோயில் மண்டபத்தில் மேஜை போட்டார்கள். பஞ்சநாதன் கையை நீட்டும்போது வேண்டுமென்றே கொஞ்சம் நடுங்கினார். தில்லையம்மாள் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்து, குத்தச் சொல்லி, பஞ்சைப் பிடித்துக்கொண்டே திரும்ப ஓடினார்.

ரத்தம் வெளியூர் லேபுக்குப் போனது. ஆடி முதல் வாரம் ஆளுக்கொரு உறை வந்தது. உறையை அவரவர் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும், பொதுவில் படிக்க வேண்டாம் என்று தேவிப்பிரியா உறையின் மேலேயே அச்சிட்டிருந்தார். அதை யாரும் படிக்கவில்லை. ஆடி இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலை எல்லா உறைகளும் மண்டபத்துக்கு வந்து சேர்ந்தன. ஆங்கிலத்தில் இருந்ததால் புருஷோத்தமன் படித்தார்.

"சாமிக்கண்ணு. ரத்த வயசு அறுபத்தெட்டு. மூப்பு வேகம், வருஷத்துக்குப் பத்து மாசம்."

சாமிக்கண்ணுவின் முகம் செத்துப்போனது. "அறுபத்தெட்டா? நல்லாப் பாருங்க. எம்பத்தொம்பதா இருக்கும், தலைகீழாப் புடிச்சிருப்பீங்க."

பஞ்சநாதன் மீசையைத் தடவிக்கொண்டார். புருஷோத்தமன் அடுத்ததைப் பிரித்தார்.

"பஞ்சநாதன். அறுபத்தாறு."

மண்டபத்தில் யாரோ விசில் அடித்தார்கள். "இப்பதான் ரிட்டேர்டு ஆன மாதிரி!" என்றது ஒரு குரல். பஞ்சநாதனுக்குக் காது சிவந்தது. முப்பது வருஷம் விடாமல் நடந்து, நேரத்துக்குச் சாப்பிட்டு, மத்தியானம் ஒரு மணி நேரம் தூங்கி, வீட்டுக் கவலை எதுவும் தலைக்குள் போகாமல் பார்த்துக்கொண்ட பாவத்தை மூன்று வாரத்து மெதுவடை எப்படிக் கழுவும்?

"அறுபத்தெட்டு பெரிசா, அறுபத்தாறு பெரிசா?" என்று சாமிக்கண்ணு எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

"இன்னும் முப்பத்தொம்பது கவர் இருக்குது. உக்காருங்க" என்றார் புருஷோத்தமன். விதி என்று எழுதிவிட்டால் கடைசிப் பக்கம்வரை பார்க்காமல் விடமாட்டார்.

எழுபது வந்தது, எழுபத்திரண்டு வந்தது, ஐம்பத்தொன்பதும் வந்தது. சாமிக்கண்ணு மெல்ல உட்கார்ந்தார். முப்பதாவது உறையோ என்னவோ, புருஷோத்தமன் பிரித்துப் பார்த்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடியும் பார்த்தார்.

"தில்லையம்மாள், கணவர் பெயர் பஞ்சநாதன். ரத்த வயசு எம்பத்திநாலு. வேகம், வருஷத்துக்குப் பதினேழு மாசம்."

அந்த எண்ணைத் தாண்டி எதுவும் வரவில்லை. தில்லையம்மாள் மண்டபத்தில் இல்லை. வீட்டில் மீன் கழுவிக்கொண்டிருந்தார்.

முதலில் தெளிந்தவர் பஞ்சநாதன். "எங்க வீட்டுக்குத்தானே வந்திருக்கு. பொண்டாட்டி மரியாத புருஷன் மரியாத. அவ சார்பா நானே வாங்கிக்கறேன்."

"அப்ப அந்த அம்மா ரத்தத்தயும் நீயே குடுத்திருக்கலாமே!" என்று சாமிக்கண்ணு துள்ளி எழுந்தார். தனக்கு இல்லை என்றான பிறகு, பஞ்சநாதனுக்கும் இல்லை என்பதே அவருக்குப் பாதி மரியாதை. "எவருக்கு அதிகமோ அவரேன்னு எழுதியிருக்குது. அம்மன் மேல சத்தியம் பண்ணியிருக்கோம். அக்காவுக்குத்தான் பரிவட்டம்."

நேற்று வரை அவர் தில்லையம்மாளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"பொம்பளைக்குப் பரிவட்டம் கட்டற வழக்கம் இல்லியே" என்று புருஷோத்தமன் தயங்கினார்.

"உள்ள உக்காந்திருக்கறது யாரு, ஆம்பளையா?" என்று சாமிக்கண்ணு கோயிலைக் காட்டினார்.

புருஷோத்தமன் ஒப்பந்தத்தை இன்னொரு முறை படித்துவிட்டு, அதன் கீழே தில்லையம்மாள் பெயரை எழுதினார்.

செய்தி தில்லையம்மாளுக்குப் போனபோது அவருக்கு மரியாதை காதில் விழவில்லை. எண்பத்திநாலுதான் விழுந்தது. மீன் சட்டியை அப்படியே வைத்துவிட்டு அடுப்படிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். மறைந்த மாமியாருக்குக்கூட எண்பத்திரண்டுதான் வயது. இப்போது தான் அவரையும் தாண்டியாயிற்று என்று நினைத்துக்கொண்டார்.

பஞ்சநாதன் வந்து எதிரில் நின்றார். "தில்ல, நீ ஒண்ணும் பயப்படாத. மெஷின் தப்பா சொல்லியிருக்கும். நீ கமிட்டில போயி, எனக்கு வேணாம், எங்க வூட்டுக்காரருக்குக் குடுத்துடுங்கன்னு ஒரு வார்த்த சொல்லிடு. முடிஞ்சுது."

"சரிங்க" என்றார் தில்லையம்மாள். நாற்பத்தாறு வருஷமாக அவர் வாயில் முதலில் வரும் சொல் அதுதான்.

மறுநாள் காலை தேவிப்பிரியா வந்தார். உறைகள் பொதுவில் படிக்கப்பட்டதைக் கேள்விப்பட்டதிலிருந்து அவருக்குத் தூக்கம் இல்லை. தன் ஆராய்ச்சிக்கு ஆள் சேர்ந்ததென்று சும்மா இருந்துவிட்டோமே என்று மனசு உறுத்தியது. பஞ்சநாதன் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தேவிப்பிரியா நேராக அடுப்படிக்குள் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

"அம்மா, எம்பத்திநாலுன்னா சாகப்போறீங்கன்னு அர்த்தம் இல்ல. உடம்பு களைச்சுப் போயிருக்குன்னு அர்த்தம். இந்த வேகம் கொறையறதுக்கும் வாய்ப்பு இருக்குது. ஆனா என்னா காரணம்னு பாக்கணும். ராத்திரி எவ்ளோ நேரம் தூங்குவீங்க?"

"அஞ்சு மணி நேரம் இருக்கும்."

"காலைல எத்தன மணிக்குச் சாப்பிடுவீங்க?"

தில்லையம்மாள் பதில் சொல்லப் போய் நிறுத்தினார். "காலைலன்னு தனியா ஒண்ணும் இல்ல. அவரு டிபன் முடிச்சு, பாத்திரம் முடிச்சு, மார்க்கெட்டு போயி வந்து… பன்னண்டு ஆயிடும். இருக்கறதச் சாப்பிடுவேன்."

"கால் வீங்குதா?"

"சாயங்காலமானா வீங்கும். அது எல்லாருக்கும் வீங்காதா?"

தேவிப்பிரியா காலை அழுத்திப் பார்த்தார். விரல் பதிந்த இடம் குழியாகவே நின்றது. பிரஷர் பார்த்தார். நூற்று எண்பது. "மாத்திரைய முழுசாப் போடுங்க. தூக்கம் வந்தா தூங்குங்க. அடுத்த திங்கக்கிழமை எங்க ஓ.பி.க்கு வாங்க. கிட்னியப் பாத்துடலாம். கூழ் அன்னிக்கு வெயில்ல ரொம்ப நேரம் உக்கார வேணாம்."

"நான் எங்க உக்காரப் போறேன்? அவருக்குக் குடுத்துடறேன்னு சொல்லிட்டேன்."

"ஓ" என்றார் தேவிப்பிரியா. பிரஷர் கருவியைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார். ஏற்கெனவே இந்தத் தெருவில் அதிகம் பேசிவிட்டோம் என்று அவருக்குத் தோன்றியது.

அவர் போன பிறகு தில்லையம்மாள் மாத்திரையை முழுசாகப் போட்டுக்கொண்டு படுத்தார். விழித்தபோது மணி நான்கு. மத்தியானச் சோறு பொங்கவில்லை. பஞ்சநாதன் பிஸ்கட் பாக்கெட்டுடன் கட்டிலின் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். திட்டலாமா, பயப்படலாமா என்று தெரியாத முகம்.

"என்னாங்க, நாற்காலிய நான் உங்களுக்குக் குடுக்கல" என்றார் தில்லையம்மாள். "நானே உக்காந்துக்கறேன்."

"சரின்னு சொன்னியே?"

"சொன்னேன். இந்த வீட்ல எனக்குன்னு இதுவரைக்கும் எதுவும் வந்ததில்ல. இது ஒண்ணுதான் வந்திருக்குது. இதயும் எடுத்து உங்களுக்குக் குடுக்கணுமா?"

பஞ்சநாதன் பிஸ்கட் பாக்கெட்டைப் பார்த்தார். அதில் இரண்டுதான் மிச்சம் இருந்தது.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை வெயில் அவ்வளவாக இல்லை. தில்லையம்மாள் மகளின் கல்யாணத்துக்குப் பிறகு கட்டாத அரக்கு நிறப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு வந்தார். கொண்டையின் மேல் பரிவட்டம் நிற்கவில்லை. பூசாரி மூன்று முறை கட்டி, கடைசியில் ஹேர்பின் கேட்டு வாங்கிக் குத்தினார். நாற்காலியில் உட்கார்ந்தபோது தில்லையம்மாளின் கால் தரையைத் தொடவில்லை. யாரோ ஓடிப்போய் மணை கொண்டுவந்து வைத்தார்கள்.

வரிசை தொடங்கியது. முதல் ஆளாக சாமிக்கண்ணு ஓடி வந்தார். எண்பது வயதில் அப்படி ஒரு சாஷ்டாங்க நமஸ்காரத்தைத் தெரு பார்த்ததில்லை. "அக்கா, ஆசீர்வாதம் பண்ணுக்கா!" என்று சத்தமாகச் சொல்லி எழுந்து, பஞ்சநாதனைத் திரும்பிப் பார்த்தார். "யோவ், வாய்யா. தெருவுல இருக்கற எல்லாரும் விழணும். வழக்கம்."

மேளக்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டார். பஞ்சநாதன் துண்டை எடுத்தார், போட்டார், மறுபடி எடுத்து இடுப்பில் கட்டினார். முன்னால் வந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்தார். பாதி தூரம் போனதும் மேலேயும் வர முடியவில்லை, கீழேயும் போக முடியவில்லை.

தில்லையம்மாள் சட்டென்று குனிந்து அவர் தோளைப் பிடித்தார். "போதும் எழுந்திரிங்க. முட்டி புடிச்சுக்கிட்டா ராத்திரி நான்தான் தைலம் தேய்க்கணும்."

தெரு சிரித்தது. பஞ்சநாதனும் சிரித்தார், சிரிக்காவிட்டால் வேறு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. ஆனால் தில்லையம்மாளின் கை தோளில் இருந்தபோது அது எவ்வளவு இளைத்துப் போயிருக்கிறது என்பதை அவர் கவனித்தார். வீட்டுக்குப் போகும்போது கூழ்ச் சொம்பை அவரே தூக்கிக்கொண்டார்.

திங்கட்கிழமை ஓ.பி.யில் பார்த்ததில் கிட்னி கொஞ்சம் பழுதாகியிருந்தது. நேரத்தில் வந்ததால் மாத்திரையிலேயே பிடித்துவிடலாம் என்றார்கள். உப்பைக் குறைக்கவும், தூங்கவும், காலையில் நடக்கவும் சொன்னார்கள்.

ஆவணியில் கமிட்டி கூடி, இனிமேல் மூத்தவர் என்பது 'ஆண்களில் மூத்தவர்' என்று ஒரு தீர்மானம் போட்டது. எட்டு நிமிஷத்தில் நிறைவேறியது. ஆண்களில் மூத்தவரை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதற்குப் புருஷோத்தமன் ஒரு துணைக்குழு அமைத்தார். சாமிக்கண்ணு மட்டும் எதிர்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, வேகமாகத் தில்லையம்மாளிடம் வந்து முறையிட்டார்.

"அடுத்த ஆடிக்குத்தானே? அப்ப பாத்துக்கலாம்" என்றார் தில்லையம்மாள்.

அந்த வாரம் ஒரு நாள் விடிகாலை மூன்று பேரும் பீச் ரோட்டுக்குப் போனார்கள். தில்லையம்மாளால் வேகமாக நடக்க முடியாததால் ஆண்கள் இருவரும் நடையைக் குறைத்துக்கொண்டார்கள். கடற்கரைக்கு ஒரு மைலுக்குள் நாற்பத்தாறு வருஷம் குடியிருந்தவர், சூரியன் கடலிலிருந்து மேலே வருவதை அன்றுதான் முழுசாகப் பார்த்தார். கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

"மணி ஏழாவுது. டிபன்?" என்று பஞ்சநாதன் கேட்டார்.

"ஓட்டல் இருக்குதில்ல?"

பஞ்சநாதன் சாமிக்கண்ணுவைப் பார்த்தார். சாமிக்கண்ணு கடலைப் பார்த்தார். பஞ்சநாதன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினார். பாதி ரோட்டில் நின்று, ஒரு ஸ்கூட்டருக்கு வழிவிட்டு, திரும்பி வந்தார்.

"உனக்கு என்னா வாங்கட்டும்?"

தில்லையம்மாள் கால்களை நீட்டிக்கொண்டார்.

"பூரி" என்றார். "கிழங்கு தனியாக் கட்டச் சொல்லுங்க."